பேத்தி காதில் விழுந்த வீணை

சத்யஜித் ராய் 1976இல் எடுத்த 'பாலா' ஆவணப்படத்தில் பாலசரஸ்வதி கடற்கரையில் ஆடுகிறார். காற்று புடவையைப் பிடித்து இழுக்கிறது. அவருக்கு வயது 58. காலில் பெரிய வேகம் இல்லை, அது வேண்டியதும் இல்லை. முகமும் இரண்டு கைகளும் போதுமாக இருக்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிள்ளையைத் தாய் கூப்பிடுகிறாள், கொஞ்சுகிறாள், வராவிட்டால் கோபித்துக்கொள்கிறாள், அடுத்த நொடியே மனம் இளகிப்போகிறாள். பாட்டு, வியாசராயர் கன்னடத்தில் இயற்றிய 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ'.

சென்னை சபாவில் இதைக் கேட்கிறவர் பொருளை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் கன்னடம் பேசும் வீட்டில் பிறந்தவருக்கு அந்தத் தேவை இல்லை. தெருவில் விளையாடும் பேரனைச் சாப்பிடக் கூப்பிடுகிற அஜ்ஜி (பாட்டி) தினமும் சொல்கிற சொற்கள்தாம் அவை. ஓசூர் எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இப்படிச் சில வசதிகள் உண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்குவதால், கர்நாடக இசையின் பாதிப் பாடல்கள் நமக்கு வீட்டுப் பேச்சாகவே காதில் விழுகின்றன. அந்த உரிமையோடுதான் இந்தக் கட்டுரை ஒரு பாட்டியைப் பற்றிப் பேசுகிறது.

பாலசரஸ்வதியின் பாட்டி வீணை தனம்மாள். இறந்து 87 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இந்திய இசை வரலாற்றில் ஒரு பாட்டி தன் பேரப்பிள்ளைகள் வழியாக இவ்வளவு தூரம் வாழ்ந்ததற்கு இணையான இன்னொரு கதையை நான் அறியேன். அந்தப் பாட்டியின் கையில் இருந்த பாடல்களில் ஒரு பங்கு நம் பக்கத்து மண்ணிலிருந்து போனது.

நான்கு மகள்கள், ஒரு கூடம்

தனம்மாள் 1867இல் சென்னை ஜார்ஜ் டவுனில் பிறந்தார். குடும்பத்தின் வேர் தஞ்சாவூரில். அரண்மனையைச் சார்ந்து தலைமுறை தலைமுறையாகப் பாடியும் ஆடியும் வாழ்ந்த பெண்களின் குடும்பம் அது. தனம்மாளின் பாட்டி காமாட்சியம்மாள் ஆடியவர், தாய் சுந்தரம்மாள் பாடியவர். தஞ்சை அரசு மங்கிய காலத்தில் கலைக் குடும்பங்கள் பல சென்னைக்கு இடம்பெயர்ந்தன. இவர்களும் அப்படி வந்தவர்கள்தாம். சியாமா சாஸ்திரிகளின் குடும்பத்தாரோடு இந்த வீட்டுக்கு நெருங்கிய பழக்கம் இருந்தது. பெரிய பாடல்கள் பிறந்த இடத்திலிருந்தே நேராக இந்தக் கூடத்துக்கு வந்து சேர அது வழி செய்தது.

தனம்மாள் பலரிடம் கற்றார். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளைச் சாத்தனூர் பஞ்சு ஐயரிடம் பாடம் செய்தார். க்ஷேத்ரக்ஞரின் பதங்களை, கண்பார்வை இல்லாத பால்தாஸ் நாயுடுவிடம் பெற்றார். ஜாவளிகளை, அவற்றை இயற்றிய தர்மபுரி சுப்பராயரிடமே கேட்டுக் கற்றார்.

அவருக்கு நான்கு மகள்கள்: ராஜலட்சுமி, லட்சுமிரத்னம், ஜெயம்மாள், காமாட்சி. நால்வரும் பாடத் தெரிந்தவர்கள். அம்மா வழியாகவே பரம்பரை போகும் குடும்பம் என்பதால், வீட்டில் மூத்த பெண்ணின் சொல்தான் கடைசிச் சொல். இசையிலும் அப்படித்தான். ஒரு சங்கதி இப்படித்தான் போக வேண்டும் என்று பாட்டி சொல்லிவிட்டால், அதை மாற்ற எந்த வித்வானும் வர முடியாது.

வெள்ளிக்கிழமை மாலைகளைப் பற்றிச் சொல்லாமல் தனம்மாளைப் பற்றிச் சொல்ல முடியாது. அன்றைக்கு அந்த வீட்டில் அவர் வாசிப்பார். மேடை கிடையாது, மிருதங்கம் கிடையாது. வீணை, அதோடு சேர்ந்து மெல்ல எழும் அவருடைய குரல், அவ்வளவுதான். விரலில் மீட்டுக்கம்பி மாட்டிக்கொள்ளாமல் வெறும் விரலாலேயே தந்தியைத் தொடுவார். அதனால் நாதம் சின்னதாக இருக்கும், ஆனால் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்குப் போகும் வழி முழுக்கக் கேட்கும். கூடத்தில் யாரும் அசைய மாட்டார்கள். இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். சத்தம் அவருக்குப் பொறுக்காது. ஊரின் பெயர்பெற்ற வித்வான்கள் அந்தத் தரையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

அந்தக் கூடத்தில் இருந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். வித்வான்களும் ரசிகர்களும் வெள்ளிக்கிழமை வந்து போனவர்கள். பேரப்பிள்ளைகளோ வாரம் ஏழு நாளும் அங்கேயே இருந்தவர்கள். பாட்டி தந்தியைச் சுருதி சேர்ப்பதும், ஒரே பிடியைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்ப்பதும், பிடிக்காமல் நிறுத்துவதும் அவர்கள் காதில் விழுந்துகொண்டே இருந்தன. கச்சேரியில் கேட்கக் கிடைப்பது முடிந்த பொருள். வீட்டில் கேட்பது அது உருவாகும் வழி. பேரப்பிள்ளைகளான பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி, விசுவநாதன் ஆகியோரின் இசையில் இருந்த அந்தத் தனி நிதானம் வீட்டில் கேட்ட இந்த இரண்டாவது வகையிலிருந்து வந்தது என்றுதான் நான் நம்புகிறேன்.

வீட்டில் பணம் நிலையாக இருந்ததில்லை. தனம்மாளுக்குச் செலவழிக்கத் தெரியும், சேர்க்கத் தெரியாது. கடன் வந்தது, வசதி போனது. கடைசி ஆண்டுகளில் கண்பார்வையும் மங்கியது. ஆனாலும் வீணை நிற்கவில்லை. 1930களில் கொலம்பியா நிறுவனம் அவருடைய வாசிப்பை இசைத்தட்டில் பதிவு செய்தது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம். முதுமையில், கருவியின் அவசரத்துக்குக் கட்டுப்பட்டு வாசித்த அந்தச் சில தட்டுகள்தாம் அவர் கையின் ஓசையை நாம் கேட்க மிஞ்சியிருப்பவை. இரைச்சலைத் தாண்டிக் கேட்கப் பழகிக்கொண்டால், அதற்குள்ளும் அந்த விரல் பதறவில்லை என்பது தெரியும்.

1938 அக்டோபர் 15ஆம் தேதி தனம்மாள் காலமானார். அப்போது பாலசரஸ்வதிக்கு 20 வயது.

பாலா ஆட வந்த கதை

பாலசரஸ்வதி 1918 மே 13 அன்று பிறந்தார். ஜெயம்மாளின் மகள். சின்ன வயதிலேயே கால் தானாக ஆடும். ஆனால் அந்த நாளில் அந்தக் குடும்பத்துப் பெண்ணை நடனத்துக்கு அனுப்புவது லேசான காரியமாக இல்லை. தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும் என்ற குரல் வலுத்துக்கொண்டிருந்தது. பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர் ஆடுவதே இழிவு என்று படித்தவர்கள் பேசத் தொடங்கியிருந்தார்கள். பாடுவதோடு நிறுத்திக்கொண்டால் மரியாதை மிஞ்சும் என்று வீட்டிலேயே தயக்கம் இருந்தது. ஜெயம்மாள் துணிந்தார். மயிலாப்பூர் கௌரி அம்மாளின் ஆட்டம் சிறுமியின் மனத்தில் ஏற்கெனவே தீ மூட்டியிருந்தது. தஞ்சை நால்வர் என்ற நட்டுவனார் சகோதரர்களின் வழிவந்த கந்தப்ப பிள்ளை குருவாக அமைந்தார். 1925இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்துக் கோயிலில் அரங்கேற்றம்.

கந்தப்ப பிள்ளை காலைக் கொடுத்தார், தாளத்தைக் கொடுத்தார். பாட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கொடுத்தது வீடு. பாலா ஆடும்போது ஜெயம்மாள் பாடுவார். மகள் முகத்தில் எந்தக் கணத்தில் எது வரப்போகிறது என்று தாய்க்குத் தெரியும், தாய் எந்தச் சங்கதியை எடுக்கப்போகிறாள் என்று மகளுக்குத் தெரியும். இரண்டு பேரும் தனம்மாளின் வீணையைக் கேட்டு வளர்ந்தவர்கள். 1967இல் ஜெயம்மாள் மறைந்த பிறகும் பாலா அபிநயத்தில் தானே பாடிக்கொண்டு ஆடுவதை விடவில்லை.

அந்த வீட்டிலிருந்து கிளம்பியவர்களின் வரிசையைச் சொன்னாலே மூச்சு வாங்கும். காமாட்சியின் மகள்கள் பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிபுரம் நயினா பிள்ளையிடம் கற்றுவிட்டு வந்து, இணைந்து பாடினார்கள். வித்வான்களே அவர்கள் பாடும் பதங்களைக் கேட்டுத் தங்கள் பாடத்தைத் திருத்திக்கொண்டார்கள். பிருந்தா 1976இல் சங்கீத கலாநிதி ஆனார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1973இல், பாலசரஸ்வதி அதே பட்டத்தைப் பெற்றிருந்தார். ஒரு நடனக் கலைஞருக்கு இசைக்கான அந்தப் பட்டம் கிடைத்ததைக் கவனிக்க வேண்டும். பாலாவின் தம்பிகளில் ரங்கநாதன் மிருதங்கம், விசுவநாதன் புல்லாங்குழல். இருவரும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். லட்சுமிரத்னத்தின் மகன் சங்கரன் வானொலியில் பணியாற்றியதோடு, பாட்டியின் வீட்டையும் அந்தக் கால இசை உலகையும் பற்றி எழுதினார். அவர் எழுதாமல் போயிருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி இருக்காது.

சென்னையிலேயே பிறந்து வளர்ந்தும், இவர்கள் எல்லோரும் பெயருக்கு முன்னால் தஞ்சாவூரின் முதலெழுத்தைப் போட்டுக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது 'டி' என்று வருவது அப்பாவின் பெயர் இல்லை, பாட்டிமாரின் ஊர்.

தர்மபுரியிலிருந்து போன பாட்டு

தர்மபுரி சுப்பராயர் என்ற பெயர் நம் மாவட்டங்களின் பள்ளிகளில் சொல்லித் தரப்படுவதாகத் தெரியவில்லை. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி எல்லாம் 1965 வரை சேலம் மாவட்டத்துத் தாலுகாக்கள். பிறகு தர்மபுரி தனி மாவட்டம் ஆனது, 2004 பிப்ரவரியில் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆக, சுப்பராயர் நமக்கு அயலூர்க்காரர் அல்லர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர். எழுதியது தெலுங்கில். பரஸ் ராகத்தில் அமைந்த 'ஸ்மர சுந்தராங்குனி' இன்றைக்கும் பரதநாட்டிய மேடைகளில் நின்று நிலைத்திருக்கும் அவருடைய ஜாவளி.

ஜாவளி சின்ன உருப்படி. பதத்தைப்போல ஆற அமர நடக்காது, சட்டென்று துள்ளும். பேசுகிறவள் பெரும்பாலும் ஒரு பெண். காதலனைப் பற்றித் தோழியிடம் பெருமையடிப்பாள், அல்லது அவன் முகத்துக்கு நேரே குறை சொல்வாள். 19ஆம் நூற்றாண்டில் மைசூர் அரண்மனையைச் சுற்றி இந்த வடிவம் செழித்தது. தஞ்சை நால்வரில் ஒருவரான சின்னையா மைசூர் அரசவைக்குப் போய் வாழ்ந்தவர், ஜாவளியின் தொடக்கத்தோடு அவர் பெயரும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. தஞ்சாவூரிலிருந்து மைசூருக்கு நட்டுவனாரும், மைசூர்ப் பக்கமிருந்து சென்னைக்குப் பாட்டும் போய்வந்த காலம் அது.

அந்தப் போக்குவரத்துக்கு நடுவில் இருந்தது நம் மண். கிருஷ்ணகிரியைச் சுற்றிய பாராமகால் 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்திய கம்பெனி கைக்குப் போனது. ஓசூர்ப் பகுதி 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு போனது. அதற்கு முன்பு இது மைசூர் நாடு. ஆட்சி மாறினாலும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. தெலுங்கில் யோசித்து, தமிழில் வழக்காடி, கன்னடத்தில் சந்தைக்குப் போகிறவர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். தர்மபுரிக்காரர் ஒருவர் தெலுங்கில் காதல் பாட்டு எழுதியதில் வியப்பு எதுவும் இல்லை.

வியப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் காதல் பாட்டுகளைப் பேத்திகள் காலம் வரைக்கும் காப்பாற்றிக் கொடுத்தது ஒரு பாட்டி. நம் வீடுகளில் பாட்டி என்றால் பக்திப் பாட்டும் தாலாட்டும் மட்டுமே பாட வேண்டும் என்ற எண்ணம் எப்படியோ ஊறிப்போயிருக்கிறது. தனம்மாள் வீட்டில் தீட்சிதரின் கிருதிக்கு என்ன மரியாதையோ, அதே மரியாதை ஜாவளிக்கும் இருந்தது. ஆசை, ஏக்கம், ஊடல் இவையெல்லாம் வெட்கப்பட்டு மறைக்க வேண்டியவை அல்ல, நுணுக்கமாகப் பாட வேண்டியவை என்று அந்தக் குழந்தைகள் கேட்டே தெரிந்துகொண்டார்கள். பிற்காலத்தில் நடனத்தைத் தூய்மைப்படுத்துகிறோம் என்று சிருங்காரத்தைக் குறைக்க முயன்றவர்களுக்கு எதிராகப் பாலசரஸ்வதி அசையாமல் நின்றார். சிருங்காரம்தான் இந்தக் கலையின் உயிர் என்று கடைசி வரைக்கும் வாதாடினார். அந்த உறுதிக்கு வேர் வீட்டுக் கூடத்தில் இருந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல்லாண்டு போராடியதன் விளைவு அது. அந்தச் சட்டம் தேவைப்பட்டது, அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் முறை ஒழிந்தபோது, அந்த முறைக்குள் பிறந்த பெண்களின் அறிவுக்கும் உழைப்புக்கும் உரிய பெயரையும் சேர்த்து அழிக்கப் பார்த்தது சமூகம். கலையை எடுத்துக்கொண்டு கலைஞரின் குடும்பத்தைத் தள்ளி நிறுத்தியது. எத்தனையோ வீடுகளில் பேத்திகள் பாட்டியின் தொழிலைச் சொல்லவே அஞ்சி, ஊர் மாறி, பாட்டையும் விட்டுவிட்டார்கள். தனம்மாள் குடும்பம் அப்படிச் செய்யவில்லை. எங்கள் பாட்டி இன்னார், அவரிடமிருந்து இதைப் பெற்றோம் என்று மேடையில் சொன்னது. 2010இல் இந்திய அஞ்சல் துறை தனம்மாளுக்கும் பாலசரஸ்வதிக்கும் தபால்தலை வெளியிட்டது. பாட்டிக்கும் பேத்திக்கும் தனித்தனியே தபால்தலை வெளிவந்த குடும்பம் நாட்டில் எத்தனை இருக்கும்!

ஷிப்டு முடிந்து வரும் பேத்திகள்

தனம்மாள் வீட்டிலிருந்து நம் ஊர்ப் பாட்டிகளிடமும் பேத்திகளிடமும் வருவோம். ஓசூரின் கதை 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு வேறாகிவிட்டது. மொபெட், லாரி, கைக்கடிகாரம் என்று ஒவ்வொன்றாக வந்தன. 1980களில் டைட்டன் இங்கே தொழிற்சாலை தொடங்கியபோது, சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பாகங்களை இடுக்கியால் எடுத்துப் பொருத்துகிற வேலை அது. அப்போது பாவாடை தாவணியோடு வந்து சேர்ந்த பெண்களில் சிலர் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். இப்போது டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் கைபேசிப் பாகங்கள் செய்யும் வரிசைகளில் இருப்பவர்களும் பெரும்பாலும் இளம்பெண்கள்தாம். கிருஷ்ணகிரி, தர்மபுரி கிராமங்களிலிருந்து மட்டுமல்ல, ஜார்க்கண்டிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கி வேலை செய்கிறார்கள்.

சொந்தச் சம்பளம் இந்தப் பெண்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய விடுதலை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. தனம்மாள் வீட்டுப் பெண்களுக்கும் சுயமரியாதை வந்தது சொந்தச் சம்பாத்தியத்திலிருந்துதான். என் கவலை வேறு. தனம்மாளின் கலை அடுத்த தலைமுறைக்குக் கைமாறியதற்கு முதல் காரணம், பேரப்பிள்ளைகள் பாட்டியின் குரல் எட்டும் தூரத்தில் வளர்ந்தார்கள் என்பது. 18 வயதில் விடுதிக்கு வந்துவிடும் பெண்ணுக்குப் பாட்டியின் குரல் ஞாயிற்றுக்கிழமை கைபேசியில் ஐந்து நிமிடம் கிடைக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில் உடம்பு எப்படி இருக்கிறது, மாத்திரை போட்டாயா, மழை பெய்ததா என்று கேட்கலாம். பாட்டு வருவதில்லை.

இந்தப் பக்கத்துப் பாட்டிகளிடம் பாட்டு இருக்கிறது. கன்னட வீடுகளில் ராகி அரைக்கும் கல்லைச் சுற்றிக்கொண்டே பாடிய பாடல்கள் உண்டு. கல் போய் மில் வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டதால், வேலை இல்லாமல் அந்தப் பாடல்களும் நின்றுவிட்டன. ஆனால் பாடியவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். நாற்று நடும்போது பாடியவர்கள், சாவு வீட்டில் ஒப்பாரி கட்டியவர்கள், திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்து மகாபாரதம் முழுவதையும் வசனத்தோடு சொல்லக்கூடியவர்கள், மார்கழியில் புள்ளி வைக்காமலேயே வாசல் நிறையக் கோலம் இழுக்கிறவர்கள். இவர்களை யாரும் கலைஞர் என்று அழைத்ததில்லை. தனம்மாளுக்கு வெள்ளிக்கிழமை தோறும் கூடம் நிறைந்தது. இவர்களுக்குக் கேட்க ஒரு பேத்தி இருந்தால் போதும்.

தனம்மாளின் கையோசை மூன்று நிமிடத் தட்டுகளுக்குள் அடங்கிப்போனதற்குக் காரணம், அந்தக் காலத்துக் கருவி அவ்வளவுதான் தாங்கியது. இன்று ஓசூர் ஆலைகளில் பாகம் செய்து அனுப்பும் அதே கைபேசி மணிக்கணக்கில் பதிவு செய்கிறது. பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ லீவு போட்டுப் போகும்போது, பாட்டியின் பக்கத்தில் அதை வைத்துவிட்டு அவர் பாடுவதை முழுக்கப் பதிவு செய்யுங்கள். நடுவில் மறந்துபோய் நிறுத்தினால் அதையும் அழிக்க வேண்டாம். மூச்சு வாங்குவதும், வரியைத் தேடுவதும், தவறாகப் பாடிவிட்டுத் திருத்துவதும் இருக்கட்டும். அருணா சாய்ராமும் சித்ரவீணை ரவிகிரணும் பிருந்தாவிடம் கற்றவர்கள். ஒரு பதம் யாருடைய பாடாந்தரம், அதாவது யார் வழி வந்த பாடம், என்பது இசையில் முக்கியம். அதனால் பாட்டியிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: இந்தப் பாட்டை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது, அவர் எந்த ஊர். அந்தப் பெயரைப் பாட்டி தன் வாயாலேயே பதிவில் சொல்லட்டும்.